மாடித் தொட்டிக்குப் பின்னால் இரண்டு தெர்மாமீட்டர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தம்பியும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் அப்பா சுகமா இல்லையா என்பதை மட்டும் நான் எழுதப்போவதில்லை, அதை நீதான் எனக்கு எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எனக்குத் தெரியாததெல்லாம் கடல் தாண்டி இருக்கிற உனக்குத் தெரிந்திருக்கிறது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அப்பாவின் காது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உன் தம்பியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லலாம் என்றால் அவன் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற பிறவி. அதனால் நூல்கண்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நானே தபால் ஆபீஸ் வரை நடந்து போய்ப் போடப்போகிறேன். படித்து முடித்ததும் நீயும் இதை எங்கேயும் போட்டு வைக்காதே.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், அது எனக்கும் தெரியும், ஆனாலும் என் பக்கத்தை யாராவது முழுசாகக் கேட்க வேண்டுமல்லவா. இந்தக் கோடை தொடங்கினதிலிருந்து நம் லாண்டரியில் துணி காயமாட்டேன் என்று அடம்பிடித்தது. முன்பெல்லாம் மொட்டை மாடியில் கடைசிக் கொடியில் விரிப்பைப் போட்டுக் கிளிப் மாட்டுவதற்குள் முதல் கொடியில் போட்டது மொரமொரவென்று காய்ந்து நிற்கும். இப்போது எவ்வளவு நேரம் கழித்துப் போய்த் தொட்டாலும் ஓரமெல்லாம் நசநசவென்று இருக்கிறது. மழைக்காலத்தில் இப்படி என்றால் மனசை ஆற்றிக்கொள்ளலாம். வெயில் மண்டையைப் பிளக்கிறபோது துணி காயவில்லை என்றால் யாரோ எங்கேயோ கோல்மால் செய்கிறார்கள் என்றுதானே அர்த்தம். முதலில் சோப்புத்தூள் கொண்டுவருகிறவரைச் சந்தேகப்பட்டேன். எதையோ கலந்து மூட்டையைத் தைத்துக்கொண்டு வருகிறாரோ என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். "அக்கா, சோப்புக்கும் துணி காயறதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று சிரித்தார், சிரித்ததனால் என் சந்தேகம் இன்னும் கூடியது. அடுத்தது பிழியும் மெஷினைப் பார்க்கிற மெக்கானிக். எதைக் கேட்டாலும் "சரியாப்போச்சு" என்பான், அதனால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயரே சரியாப்போச்சுதான், உனக்கு ஞாபகம் இருக்கும். மெஷின் சுற்றுகிற வேகத்தைக் குறைத்துவிட்டுப் போயிருப்பான், மறுபடி கூப்பிடுவோம் என்று. மூன்றாவது, நம்மிடம் துவைக்கக் கொடுக்கிற ஓட்டல்காரர்கள். தடிமனான விரிப்பாக மாற்றிவிட்டு நம்மிடம் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு விரிப்பை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். அதுவும் பழைய துணிதான். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் மீதி நிற்பது யார், உன் அப்பா. பிழிகிற நேரத்தைப் பாதியில் நிறுத்திக் கரண்ட்டை மிச்சம் பிடிக்கிறார் என்று முடிவுக்கு வந்தேன், அன்றையிலிருந்து அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, விஷயம் துணியோடு நிற்கவில்லை. மத்தியானம் எல்லா விரிப்பையும் காயப்போட்ட பிறகு அவர் கீழே வருவதில்லை. மாடியில் நின்றுகொண்டு போன் பேசுகிறார். அதுவும் உன்னோடு. தினமும். யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டால் "பெரியவகிட்டதான், சும்மா வெயிலைப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்கிறார். நீ வானிலை ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாய், உனக்கு வெயிலைப் பற்றிப் பேசினால் சம்பளம். அவருக்கு என்ன வந்தது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக ஏறி நின்று கேட்டேன். "முப்பத்தஞ்சு, இருபத்தொம்பது" என்கிறார். மறுநாள் "முப்பத்தாறு, முப்பது" என்கிறார். அவ்வளவுதான், போனை வைத்துவிடுகிறார். லாட்டரிதான் என்று முடிவு கட்டினேன். பெற்ற மகளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நம்பர் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் உன் பார்சலும் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு என்று நீ கம்பளி சாக்ஸ் அனுப்பியிருந்தாயே. இந்தப் புழுக்கத்தில் மனுஷன் தோலையே உரித்து வைக்கலாம் போல இருக்கிறது, இங்கே யாருக்கடி கம்பளி சாக்ஸ்? அதைப் பிரிக்கும்போது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தார். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், டீ கொதித்து வழிந்ததில் விட்டுவிட்டேன்.

அதோடு போனதா? கோடை தொடங்கின புதிதில் நடந்ததும் ஞாபகம் வந்தது. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிற மனுஷன் தன் பனியனைத் தானே துவைத்ததாகச் சரித்திரம் கிடையாது, கழற்றிய இடத்தில் விழுந்து கிடக்கும், நான்தான் பொறுக்குவேன். அப்படிப்பட்டவர் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முழுக்கைச் சட்டை ஒன்றைத் தானே அலசிக் கொடியின் கோடியில் மற்றத் துணிக்குப் பின்னால் போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். முழங்கைப் பக்கம் பழுப்பாக ஒரு திட்டு. என்னை ஏமாற்ற முடியுமா, ரத்தக்கறையில் வெந்நீர் பட்டால்தான் அப்படிப் பதியும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் வெந்நீரை ஊற்றியிருக்கிறார் என்றால் எவ்வளவு பதறிப்போய்ச் செய்திருக்கிறார். கேட்டேன். "கதவு இடிச்சிடுச்சு" என்றார். எந்தக் கதவு என்றேன். "இருக்கிற கதவுதான்" என்றார். கதவு இடித்தால் சட்டையை ஏன் ஒளிக்க வேண்டும்? எனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இந்த வயதில் என்னென்னவோ எண்ணம் ஓடியது. யாரோடாவது அடிதடியா, கெட்ட சகவாசமா, வேறு எங்கேயாவது போக்குவரத்தா என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு, இந்த முகத்துக்கா என்று நானே சிரித்தும்கொண்டேன். ஆனால் மனசு ஓயவில்லை.

ஒரு நாள் அவரும் உன் தம்பியும் வேனில் டெலிவரிக்குப் போன நேரம் பார்த்து மாடியைச் சல்லடை போட்டுச் சலித்தேன். கிளிப் கூடையைக் கொட்டிப் பார்த்தேன், பழைய டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிழல் விழுகிற சுவரில், இரண்டு கண்ணாடித் தெர்மாமீட்டர் ஆணியில் தொங்குகிறது. காய்ச்சல் பார்க்கிறது மாதிரி சின்னதில்லை, ஒரு சாண் நீளம். ஒன்று சும்மா இருக்கிறது. இன்னொன்றின் அடிக்குமிழில் ஒரு துணித் துண்டைச் சுற்றி, துணியின் நுனியை ஜாம் பாட்டிலுக்குள் விட்டிருக்கிறது. பாட்டிலில் இருப்பது என்ன சரக்கோ என்று மோந்து பார்த்தேன், வெறும் தண்ணீர். ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தத் துணி இருந்த லட்சணம் இருக்கிறதே, மஞ்சளடித்து, ஓரத்தில் பாசி பிடித்து, தொட்டால் வழவழவென்று. நாம் என்ன தொழில் செய்கிறோம், நம் வீட்டு மாடியில் இப்படி ஒரு கந்தல் தொங்கலாமா? ரகசியம் என்னவாக இருந்தாலும் இருக்கட்டும், அழுக்கை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கழற்றிக் கொண்டுவந்து பிளீச்சிங் போட்டு வெளுத்து, ஓட்டல் நாப்கினுக்குக் கலக்கி வைத்திருந்த கெட்டிக் கஞ்சியில் முக்கி, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் திரும்பக் கட்டிவிட்டு வந்தேன். நுனி பாட்டில் தண்ணீருக்குள் வளையாமல் விசிட்டிங் கார்டு மாதிரி விறைத்து நின்றது. யார் வந்து கைவைத்தது என்று அவருக்கும் ஒரு குடைச்சல் இருக்கட்டும் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

அதற்கு மறுநாள் மத்தியானம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நான் தலையணை உறைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன் போன். எடுத்தால் நலம்கூட விசாரிக்காமல் அலறுகிறாய். "அம்மா, அப்பா மாடியிலதான இருக்காரு? உடனே கீழ இறக்கும்மா, எதுவும் கேக்காத, ஓடும்மா!" என்கிறாய். இஸ்திரிப் பெட்டியை உறைமேலேயே விட்டுவிட்டு ஓடினேன், அந்த உறை கருகி அதன் உருவம் அப்படியே பதிந்துவிட்டது, இன்னும் ஓட்டலில் சொல்லவில்லை. மேலே போனால் உன் அப்பா வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறார். மூச்சு வாங்குவது எனக்குத்தான். கையைப் பிடித்து இழுத்தால், "உனக்கு என்ன ஆச்சு, பேயைப் பாத்த மாதிரி வர்ற" என்கிறார். போன் என் கையில்தான், நீ அதில் கத்திக்கொண்டே இருக்கிறாய், அப்பா இப்போதுதான் ரெண்டும் முப்பத்தேழு என்று படித்தார், அப்படிக் காட்டினால் மனுஷ உடம்பு தாங்காது, வேர்வை காயாது, உள்ளே இருக்கிற சூடு வெளியே வராது என்று. பிறகு நீயே சந்தேகப்பட்டு, "அந்தத் துணி ஈரமா இருக்கா பாரும்மா" என்றாய். தொட்டேன், மொடமொடவென்றது. உன் அப்பா குனிந்து மோந்து பார்த்து, "இது நம்ம கஞ்சியாச்சே" என்றார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். நீ அந்தப் பக்கம் முதலில் சிரித்தாய். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. துணிக்குக் கஞ்சி போட்டதற்கு யாராவது அப்படி அழுவார்களா? அங்கேயே அந்த வெயிலிலேயே அவரை நிற்க வைத்துக் கேட்டேன், இப்போது சொல்லாவிட்டால் கீழே இறங்கவே விடமாட்டேன் என்றேன். நீ வேறு போனில் "முதல்ல நிழலுக்குப் போங்க ரெண்டு பேரும்" என்று கெஞ்சினாய். படிக்கட்டில் உட்கார வைத்துத்தான் உண்மையைக் கறந்தேன்.

கோடை தொடங்கிய புதிதில் அவர் மாடியில் மயங்கி விழுந்திருக்கிறார். நாலு பக்கமும் விரிப்பு தொங்குகிறது, நடுவில் ஆள் விழுந்து கிடந்தால் எந்தப் பக்கமிருந்தும் தெரியாது. பிடிமானத்துக்கு ஒரு விரிப்பை இழுத்திருக்கிறார், அது அவர் மேலேயே விழுந்திருக்கிறது, அந்த ஈரம்தான் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நீ சொன்னாயாம். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஒரு நாள் டீ ஆறிப்போகிறது என்று படியிலிருந்து கத்தினேன், பதில் இல்லை, வேண்டுமென்றே காது கேட்காதது மாதிரி இருக்கிறார் என்று அந்த டீயை நானே குடித்தேன். அதே நாள்தான். எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம் முழங்கை சிராய்த்து ரத்தம் பட்ட சட்டையை ஒளித்தது, இரண்டாவது காரியம் உனக்குப் போன் போட்டது. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்கிட்ட சொன்னா லாண்டரியையே மூடிடுவ" என்றார். நீயும் அதை நம்பி, என்னிடம் மூச்சு விடாமல், சாக்ஸுக்குள் தெர்மாமீட்டரைச் சுருட்டி அனுப்பியிருக்கிறாய். துணி சுற்றிய தெர்மாமீட்டர் முப்பதைத் தாண்டினால் இறங்கிவிட வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் ஒப்பந்தமாம். அப்பனுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம், நடுவில் நான் யார்? கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு கணக்கு.

அதற்குப் பிறகு நீ போனில் எனக்கு நடத்திய பாடத்தையும் நான் சும்மா கேட்டுக்கொள்ளவில்லை, மனசுக்குள் குறுக்கு விசாரணை செய்துகொண்டேதான் இருந்தேன். சூடான காற்று தண்ணீரை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், கடலும் சூடாவதால் அதிகத் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் ஏறுகிறது, ஏற்கெனவே வயிறு நிறைந்த காற்று நம் விரிப்பிலிருக்கும் ஈரத்தை வாங்கிக்கொள்ளாது, நம் தோலிலிருக்கும் வேர்வையையும் வாங்கிக்கொள்ளாது என்றாய். அதனால்தான் ஈரத்துணி சுற்றியதைப் பார்க்கச் சொன்னாய், ஈரம் காய்ந்தால் அது குளிர்ந்து கீழே இறங்கும், காயவில்லை என்றால் பக்கத்திலிருப்பதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இதுவரை ஒப்புக்கொள்கிறேன், இது துணிச் சமாசாரம். அடுத்து, இன்றைக்கு அடிக்கிற வெயில் வானிலை, வருஷக்கணக்காகப் பார்த்து இந்த ஊர் இப்படித்தான் என்று சொல்வது காலநிலை, ஒரு நாள் வெயிலை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்றாய். அப்படியானால் நாளைக்கு மழை வருமா என்பதையே பாதி நாள் தப்பாகச் சொல்கிற உன் ஆபீஸ்காரர்கள் இன்னும் முப்பது வருஷம் கழித்து இப்படி இருக்கும் என்று மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். நீ என்னவோ படம், கோடு என்றாய், எனக்குப் பிடிபடவில்லை. பிறகு மூட்டை பிரிக்கும்போதுதான் தோன்றியது. இன்றைக்கு ஓட்டலிலிருந்து எத்தனை விரிப்பு வரும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் லீவு மாதத்தில் மூட்டை பெருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படித்தான் என்றால் சரி, உன் ஆபீஸ்காரர்களை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்தப் போர்வைக் கதையில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. நிலக்கரி, பெட்ரோல், டீசல் என்று எரித்து எரித்து வருகிற புகையில் இருக்கிற ஏதோ வாயு பூமிக்குப் போர்வை போட்ட மாதிரி மேலே சேர்ந்துகொண்டு சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிறது என்றாய். யார் போட்ட போர்வை என்றேன். "நாம எல்லாரும்தாம்மா" என்றாய். இந்த எல்லாரும் என்கிற வார்த்தையை யார் சொன்னாலும் நான் உஷாராகிவிடுவேன். வீட்டில் ஏதாவது உடைந்தால் உன் தம்பியும் எல்லாரும் என்றுதான் சொல்வான். நம் டீசல் பாய்லரைக் குத்திக்காட்டுகிறாயா என்று கேட்டதற்கு, அது கடலில் ஒரு துளி, பெரிய பெரிய கம்பெனிகளும் பணக்கார நாடுகளும் நூறு வருஷத்துக்கு மேலாக எரித்ததுதான் அதிகம் என்றாய். அதைத்தானே முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எரித்தவன் எங்கேயோ ஏசியில் இருக்கிறான், வேர்வை காயாமல் விழுந்தது உன் அப்பா. சோப்புக்காரர், மெக்கானிக், ஓட்டல்காரர் என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேனே, அவர்களில் ஒருவராக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இதற்கு யார் சட்டையைப் பிடிப்பது? ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று உன் தம்பி சொல்கிறான், அது உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும், வெளியேதானே நம் மாடி இருக்கிறது. காய வைக்கிற மெஷினை ஓட்டலாம் என்றால் அது கரண்ட்டைக் குடிக்கிற குடியில் இன்னும் நாலு மூட்டை நிலக்கரி எங்கேயோ எரியும் என்று நீயே சொல்கிறாய். சுற்றிச் சுற்றி நம்மையே வந்து மூக்கைத் தொடுகிறது. சோப்புக்காரரிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர்மேல் எனக்கு வேறு சில சந்தேகங்களும் உண்டு.

மற்றபடி வீட்டு விஷயம். உன் தம்பி வேனைச் சுவரில் உரசிவிட்டான், சுவர்தான் நகர்ந்தது போலப் பேசுகிறான். சரியாப்போச்சுவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, போய்ப் பார்த்தேன், குழந்தை அவன் சாயலில்லை, நல்லவேளை. உன்னோடு அறையில் இருக்கும் பெண் உன் ஷாம்புவை எடுக்கிறாளோ என்று கேட்டிருந்தாய், பாட்டிலில் அளவுக்குப் பேனாவால் கோடு போடாதே, அவளும் பார்ப்பாள், ஸ்டிக்கரில் இருக்கிற ஒரு எழுத்தை மனசில் குறித்துக்கொள். காலையில் சாப்பிடாமல் ஓடாதே. குளிருக்கு நீ போடுகிற கோட்டை வெளியே லாண்டரியில் கொடுத்தால் உள் லைனிங்கைப் பிரித்துப் பார்த்து வாங்கு, அவர்கள் என்ன போட்டுத் துவைக்கிறார்களோ.

இப்போது நான் எதற்காக இதைத் திருட்டுத்தனமாக எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். உன் அப்பாவை மத்தியானத்தில் மாடிக்கு விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவர் கீழே மடிப்பு வேலை பார்க்கிறார். விடிந்ததும் காயப்போட்டு வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடலாம் என்று பார்த்தால் துணி காயவில்லை, ஓட்டல் மேனேஜர், தங்குகிறவர்கள் வருவதற்குள் எல்லா அறையிலும் விரித்தாக வேண்டும் என்று நிற்கிறார். அதனால் மத்தியானம் நான் ஏறுகிறேன். பின்பக்கக் கொட்டகையில் மின்விசிறி போட்டுக் காயவைப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். முந்தாநாள் நடுக் கொடியில் விரிப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்த வெள்ளை விரிப்பு சாம்பலாகிக்கொண்டே வந்தது. கொடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், அது அறுந்திருந்தால் நானும் போயிருப்பேன். பிறகு தரையிலேயே தவழ்ந்து தொட்டி நிழலுக்கு வந்து குழாயைத் திறந்து தலையில் விட்டுக்கொண்டேன். பயந்துவிட்டேன்டி. உன்னிடம் சொல்வதற்கு என்ன, சின்னக் குழந்தை மாதிரி பயந்துவிட்டேன். கண் தெளிந்ததும் எதிரில் அந்த இரண்டு தெர்மாமீட்டர். துணியைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாக ஈரமாகத்தான் இருந்தது, இந்த முறை கஞ்சி இல்லை. அது இருபத்தெட்டுதான் காட்டியது.

முப்பது என்றுதானே ஒப்பந்தம்? அதற்கு இரண்டு கீழே நிற்கும்போதே என்னைப் புரட்டிப் போட்டது எப்படி? வயசு, அலைச்சல், சாப்பிடாமல் ஏறினது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று ரேடியோவில் ஒருவர் பேசினார், பூமி இன்னும் எவ்வளவு சூடாகலாம், ஒன்றரை டிகிரியா இரண்டு டிகிரியா என்று நாடுகள் எல்லாம் உட்கார்ந்து பேசுகிறதாம். சூட்டில்கூடவா பேரம் என்று நினைத்தேன். நினைத்த அந்த நிமிஷமே எனக்கு உறைத்தது. உன் அப்பா வாழ்நாளில் யாராவது சொன்ன முதல் விலைக்கு எதையாவது வாங்கியிருக்கிறாரா? டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினால் ஏழு நாளுக்குப் பேசி முடிக்கிற ஆள். அவருக்கு நீ செல்லப் பெண் வேறு. முப்பது என்பது நீ சொன்ன நம்பரா, அல்லது அவர் உன்னிடம் பேசி வாங்கிய நம்பரா? முப்பதில் நிறுத்தினால் லாண்டரி ஓடும், அதற்குக் கீழே நிறுத்தினால் ஓடாது என்று அவர் கணக்குப் பார்த்திருப்பார், அழுகிற மாதிரி பேசியிருப்பார், நீயும் மனசு கேட்காமல் ஏற்றிக்கொடுத்திருப்பாய். இல்லை என்று நீ சொல்ல மாட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். நீ முதன்முதலில் அவரிடம் சொன்ன நம்பரை எனக்கு எழுது. வேலை போய்விடுமே, அம்மா என்ன செய்வாள் என்று யோசித்து ஒரு புள்ளிகூட ஏற்றாமல் எழுது. நான் பேரம் பேசமாட்டேன். அந்த நம்பரைக் கொண்டுபோய் ஓட்டல் மேனேஜர் மேஜைமேல் வைத்து, இதற்குமேல் போனால் எங்கள் மாடியில் யாரும் ஏறமாட்டார்கள், இஷ்டம் என்றால் துணி கொடுங்கள் இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லப்போகிறேன். உன் அப்பா பயந்தது மாதிரி மூடத்தான் நேரும் என்றால் மூடிவிட்டுப் போகிறேன். யார் சொன்னதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை உரசிப் பார்க்கிறவள் நான், உனக்கே தெரியும். நீ எழுதுகிற அந்த நம்பரை மட்டும் உரசிப் பார்க்காமல் நம்புவேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நினைத்ததெல்லாம் கைகூடி நிறைவாக இரு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை உன் அப்பாவிடம் மூச்சு விடாதே, நீ மறைக்கத் தெரிந்தவள் என்பதை நான்தான் கண்ணால் பார்த்துவிட்டேனே. ஈரத் தலையோடு கீழே இறங்கி வந்தபோது அவர் என் முகத்தையே பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது எனக்குச் சரியாகப் படவில்லை. நேற்றிலிருந்து பேனா வேறு காணோம், இதை உன் தம்பியின் பென்சிலில்தான் எழுதுகிறேன். அவரும் எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதியிருந்தால், இரண்டு பேருக்கும் ஒரே நம்பரை எழுது.

உன் பதிலுக்குத் தபால்காரரை வாசலிலேயே பிடிக்கக் காத்திருக்கும்
உன் அம்மா